பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு ரைப் அடித்த கடிதங்கள்

எங்கள் தொழிலில் கேட்பவர் வாடிக்கையாளர், எழுதுவது நாங்கள், கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பவர் கண்ணால் காணாத யாரோ ஒருவர். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் இருந்த சின்ன ரைப்பிங் கந்தோரில் இருபத்தைந்து வருஷத்துக்குக் கிட்ட இருந்தேன். ஐம்பத்தாறில் தனிச் சிங்களச் சட்டம் வந்ததற்கு அடுத்த வருஷம், பத்தொன்பது வயதில் போய்ச் சேர்ந்தேன். முதலாளி ஒரு காலத்தில் நீதிமன்றத்தில் கிளாக்கராக இருந்தவர். இரண்டு ரைப்ரைட்டர், நாங்கள் உட்கார இரண்டு கதிரை, வருகிறவர்கள் உட்கார ஒரு நீள வாங்கு, மூலையில் ஒரு தண்ணீர்ப் பானை. காணிச் சண்டை, பென்சன், பாஸ்போட் என்று எல்லாம் வரும். ஆனால் என் மனதில் இன்றைக்கும் நிற்பவை, பிள்ளைகளின் படிப்புக்காக வந்தவர்களின் கடிதங்கள்தான்.

நீங்களும் எங்கேயாவது ஒரு யன்னலுக்கு முன்னால் படிவத்தோடு நின்று, "இது சரியில்லை, வேறு எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பப்பட்டிருப்பீர்கள். அப்படி அனுப்பப்படாதவர் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆகவே உங்களை என் பக்கத்து ஆளாகவே நினைத்துக்கொண்டு சொல்லுகிறேன்.

வாங்கு

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். எங்கள் ஊரில் கள் இறக்கும் செல்லன் ஒருநாள் படியேறி வந்தார். வலிகாமத்தில் எங்கள் பின்வளவுப் பனைகளில் ஏறுகிறவர். ஊரில் என்னை 'நாச்சியார்' என்று கூப்பிடுகிறவர், கந்தோரில் 'பிள்ளை' என்றார். அது எனக்குக் குத்தியது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவரை 'நீ' என்று சொல்ல வாய் வரவில்லை, 'நீங்கள்' என்று சொல்லிப் பழக்கமில்லை. நல்ல வேளையாக, நாங்கள் மனு அடிக்கிற ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்.

அவருடைய மகள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. மற்றப் பிள்ளைகள் வாங்கில் இருக்க, அவளும் அவளைப் போன்ற நான்கு பிள்ளைகளும் நிலத்தில் இருந்தார்கள். நான் படித்த பள்ளிக்கூடம்தான் அது. நான் வாங்கில் இருந்தவள். நிலத்தில் இருந்தவர்களின் பெயர்கள்கூட எனக்கு ஞாபகமில்லை. செல்லன் கேட்டது ஒரே ஒரு விஷயம். தன் பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருத்த வேண்டும் என்று கல்விக் கந்தோருக்கு மனு எழுத வேண்டும். நான் யோசித்தேன். குறைவாகக் கேட்டால் கெதியாகக் கிடைக்கும் என்பது முதலாளி எனக்குப் படிப்பித்த முதல் பாடம். 'மற்றப் பிள்ளைகளோடு' என்பதை விட்டுவிட்டு, நிலத்தில் இருப்பதால் உடுப்பு அழுக்காகிறது, எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆகவே ஒரு வாங்கு தந்துதவ வேண்டும் என்று அடித்தேன். அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. அவர் கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு மாதத்தில் பலன் கிடைத்தது. கல்விக் கந்தோர் ஒரு புது வாங்கு அனுப்பியது. அதைத் தலைமையாசிரியர் பின்சுவரோடு, மற்ற வாங்குகளிலிருந்து நன்றாகத் தள்ளிப் போட்டு, அந்த ஐந்து பிள்ளைகளையும் அதில் இருத்தினார். செல்லன் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார். அவர் கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எங்கள் வாங்கின் நுனியில்கூட இராமல், நின்றபடியே மெதுவாகக் கேட்டார்: "பிள்ளை, நான் தமிழிலை சொன்னது முழுக்க இங்கிலீசிலை வராதோ?"

தகப்பனின் தொழில்

காங்கேசன்துறைக்குக் கிழக்கே ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து தவமணி என்ற பெட்டை வந்தாள். அவளோடு தகப்பனும் வந்தார். அவர் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். மகளுக்காகத் தோய்த்து மடித்த வேட்டி சால்வையில் வந்திருந்தார். அவள் எஸ்.எஸ்.சி. நல்லாகப் பாஸ் பண்ணியிருந்தாள். இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அறிந்து படிவம் எடுப்பித்திருந்தாள். பெயர், பிறந்த திகதி, படித்த பள்ளிக்கூடம் எல்லாம் அடித்துக்கொண்டு போய், 'தகப்பனின் தொழில்' என்ற இடத்தில் என் விரல் நின்றது.

அவள் படித்த பள்ளிக்கூடத்தில் அவளை எப்படி நடத்தினார்கள் என்று சற்று முன்னர்தான் சொல்லியிருந்தாள். மீன் மணக்குது என்று பக்கத்தில் இருக்க மாட்டார்களாம். வெள்ளைக்காரர் மட்டும் வேறு மாதிரியா இருக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். 'வியாபாரி' என்று போடுவோம், மீனை விற்பதும் வியாபாரம்தானே என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னேன். அவள் தகப்பனை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சரியென்று தலையை ஆட்டினாள். என்ன எழுதுகிறார்கள் என்று அவர் கேட்டபோது, உங்களைப் பற்றித்தான் எழுதுகிறோம் ஐயா என்றேன். அவர் சந்தோஷமாகச் சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

அவளுக்கு இடம் கிடைத்தது. அந்த விண்ணப்பத்தை என் வெற்றிகளில் ஒன்றாக நான் பலருக்குச் சொல்லித் திரிந்தேன். ஒரு வருஷம் கழித்து அவளிடமிருந்து கடிதம் வந்தது. வகுப்பில் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருநாள் ஒவ்வொருத்தியின் வீட்டைப் பற்றியும் விசாரித்தாராம். இங்கிலாந்தின் வடக்குக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெட்டை எழும்பி, தன் தகப்பன் மீன் பிடிக்கிறவர், பாட்டனும் மீன் பிடித்தவர் என்று சொன்னாளாம். எல்லோரும் அவளிடம் கடலைப் பற்றிக் கேட்டார்களாம். அடுத்தது தவமணியின் முறை. கடிதத்தின் கடைசி வரி இதுதான்: "எனக்கு அவளைவிட நல்லாய்க் கடல் தெரியும் அக்கா, ஆனால் நான் வியாபாரியின்ரை மகளெண்டபடியால் பேசாமல் இருந்திட்டன்."

பேக்கரியில் வாசித்த கடிதம்

அறுபதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். கொழும்பிலிருந்து வரும் பதில்கள் ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் வரத் தொடங்கின. நாங்கள் ஆங்கிலத்தில் கேட்போம். அவர்கள் சிங்களத்தில் பதில் சொல்வார்கள். நடுவில் தமிழ்த் தாய் ஒருத்தி கடித உறையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்படி ஒரு நாள் சரசுவதி என்ற கைம்பெண் வந்தார். மகனைத் தொழில்நுட்பப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அனுப்புவதற்கு நாங்கள்தான் விண்ணப்பம் அடித்துக் கொடுத்திருந்தோம். பதில் வந்திருந்தது. கந்தோரில் ஒருவருக்கும் அந்த எழுத்துத் தெரியாது. முதலாளிக்குத் தெரிந்த சிங்கள மாஸ்டர் ஒருவர் லீவில் போயிருந்தார். அவர் வரட்டும் என்று கடிதத்தை வாங்கி என் மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

பத்து நாள் போனது. சரசுவதியம்மா நாலு தரம் வந்து போனார். பதினோராம் நாள் பாண் வாங்கப் போன இடத்தில்தான் எனக்கு உறைத்தது. எங்கள் தெருமுனைப் பேக்கரிக்காரர் பியதாச தெற்கிலிருந்து வந்து நெடுங்காலமாக எங்களுக்குப் பாண் சுடுகிறவர். தினமும் அவரோடு கதைக்கிறேன். அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும் என்பது ஒரு நாளும் என் மண்டையில் ஏறவில்லை. பாண்காரர் பாண்காரராகவே இருந்துவிட்டார். ஓடிப்போய்க் கடிதத்தை எடுத்துக்கொண்டு, சரசுவதியம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அவர் கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துவிட்டு, வாசல் வெளிச்சத்தில் நின்று இரண்டு தரம் வாசித்தார். படிவத்தில் ஓர் இடம் நிரப்பாமல் விடுபட்டிருக்கிறதாம். கடிதம் கண்ட பத்து நாளுக்குள் நிரப்பி அனுப்பினால் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்களாம். சரசுவதியம்மாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு அவர் என்னைப் பார்க்கவில்லை, கடிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு பியதாச அடுப்படிக்குத் திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றார். "நான் இங்க பாண் சுட வந்த மனுசன் நோனா, இப்ப இந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு இல்லைன்னு சொல்லுறதும் நான்தான் போல."

படத்தில் பார்த்த அமிலம்

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் கந்தோரில் ஒரே ஒரு சொல்தான் கேட்டது: தரப்படுத்தல். முதலில், தமிழில் பரீட்சை எழுதிய பிள்ளைகள் பல்கலைக்கழகம் போக மற்றவர்களைவிடக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டும் என்று வந்தது. பிறகு மாவட்டத்துக்கு மாவட்டம் இடங்களைப் பங்கிட்டார்கள். இரண்டிலும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குத்தான் அடி. கரவெட்டியிலிருந்து வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர் தன் மகள் புவனாவோடு வந்தார். மருத்துவத்துக்குப் போதிய புள்ளி எடுத்தவள் என்று ஊரே அவளுக்கு டாக்குத்தர் என்று பெயர் வைத்துவிட்டிருந்தது. பெயர்ப்பட்டியல் வந்தபோது அவள் பெயர் இல்லை. மேன்முறையீடு எழுத வந்திருந்தார்கள்.

வாங்கில் அவர்களுக்குப் பக்கத்தில் மன்னார்ப் பக்கத்துப் பெடியன் ஒருவன் இருந்தான். சேட்டிபிக்கேற்றுகளுக்குப் பிரதி அடிப்பிக்க வந்தவன். மாவட்டப் பங்கில் மருத்துவத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று அவன் சொன்னதும், புவனாவின் தகப்பன் சும்மா இருந்திருக்கலாம். எத்தனை புள்ளி தம்பி என்று கேட்டுவிட்டார். அவன் சொன்னான். மகளுடைய புள்ளியைவிட நல்லாகவே குறைவு. தகப்பன் எழும்பி யன்னலடிக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கும் அந்தப் பெடியன் மீது ஒரு கோபம் வந்தது. அவனுடைய பிரதிகளை அடிக்கும்போது ரைப்ரைட்டரை வழக்கத்தைவிடப் பலமாகத் தட்டினேன்.

பெடியன் பிரதிகளை வாங்கி அடுக்கினான். பிறகு, தங்கள் பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூடமே இல்லை என்றும், அமிலம், காரம் எல்லாவற்றையும் புத்தகத்துப் படத்தில்தான் பார்த்தேன் என்றும், இரசாயனம் படிப்பிக்க வந்த மாஸ்டர் ஒரு தவணையோடு மாற்றம் வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்விட்டார் என்றும் யாருக்கென்று இல்லாமல் சொன்னான். அப்படி மாற்றம் கேட்டு வந்த மாஸ்டர்மாருக்கு நான் எத்தனை கடிதம் அடித்துக் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பள்ளிக்கூடங்களில் மிஞ்சிய பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று ஒரு கடிதத்திலும் நாங்கள் எழுதவில்லை. புவனா அவன் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் பகை இருக்கவில்லை, களைப்புத்தான் இருந்தது. "உங்களுக்கு ஒரு ஆய்வுகூடம் கட்டித் தந்திருக்கலாம், அதைச் செய்யாமல் என்ரை கதிரையைத் தூக்கி உங்களுக்குத் தந்திட்டினம்."

லண்டனிலிருந்து ஒரு கேள்வி

மேன்முறையீட்டுக்கு மறுமொழி வரவில்லை. புவனா இரண்டாம் தரமும் எழுதினாள், மூன்றாம் தரமும் எழுதினாள். கடைசியில் லண்டனில் இருந்த தாய்மாமன் அங்கேயுள்ள கல்லூரி ஒன்றின் விண்ணப்பத்தை அனுப்பினார். அதையும் நான்தான் அடித்தேன். ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. மரியாதையான கடிதம். இவ்வளவு நல்ல பெறுபேறு உள்ள மாணவி ஏன் சொந்த நாட்டிலேயே பல்கலைக்கழகத்தில் சேரவில்லை என்பது தங்களுக்கு விளங்கவில்லை, தயவுசெய்து விளக்கம் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

அந்த விளக்கத்தை எழுத ஒரு முழுநாள் மினக்கெட்டோம். நான் ஒன்று எழுதினேன். முதலாளி வாசித்துவிட்டு, இது அரசியல் பேச்சு மாதிரி இருக்கிறது, பயந்துபோவார்கள் என்றார். அவர் ஒன்று எழுதினார். அதைப் பார்த்தால் புள்ளிகளையே நாங்கள் கள்ளமாக அடித்துவிட்டோம் என்ற சந்தேகம் எவருக்கும் வரும். ஒரு பிள்ளை எழுதிய பாஷைக்காகவும் பிறந்த இடத்துக்காகவும் அவளுடைய புள்ளியின் பெறுமதி குறைகிறது என்பதை, அப்படி ஒன்று இருக்கிறதென்றே அறியாத ஒருவருக்கு எந்தச் சொல்லால் தொடங்கிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் நான்கு வரியில் ஏதோ எழுதி அனுப்பினோம். அந்தக் கல்லூரி பிறகு எழுதவில்லை. அதை இன்னும் நல்லாக எழுதியிருக்கலாம் என்று குளிக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் எனக்கு இப்போதும் புதுப்புது வசனங்கள் வருகின்றன. புவனா தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கப் போய்ச் சேர்ந்தாள். விளக்கம் எழுதிய அன்றைக்கு நாங்கள் கசக்கி எறிந்த தாள்களைக் குனிந்து பொறுக்கிக்கொண்டே அவள் சொன்னது: "சுருக்கமாய் எழுதினால் பொய் மாதிரி இருக்கு அக்கா, விளக்கமாய் எழுதினால் அழுகிறது மாதிரி இருக்கு."

இடமில்லை

எண்பதுகள் தொடங்கிய நேரம். எங்கள் பழைய வாடிக்கையாளரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு படியேறி வந்தார். என்னை இன்னும் 'பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார். எனக்குத் தலை நரைத்தது அவர் கண்ணில் படவில்லை. அவருடைய மகன் குடும்பத்தோடு மேற்கு ஜேர்மனிக்குப் போய் அகதியாகப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறான். பேரனுக்கு ஏழு வயது. ஒரே மாடிக்கட்டடத்தில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் காலையில் புத்தகப்பையோடு போக, இவன் மட்டும் யன்னலில் நின்று பார்க்கிறானாம். பள்ளிக்கூடத்தில் கேட்டால், தஞ்சம் கேட்டு வந்தவர்களின் பிள்ளைகளைக் கட்டாயம் சேர்க்கத் தேவையில்லை என்று முதலில் சொன்னார்களாம். பிறகு வகுப்பில் இடமில்லை என்றார்களாம். மகனுக்கு ஜேர்மன் பாஷை தெரியாது, ஆங்கிலமும் அவ்வளவு வராது. அப்பா, நீங்கள்தான் நல்லதொரு கடிதம் எழுத வேணும் என்று கேட்டிருந்தான்.

அவர் கதிரையில் நிமிர்ந்திருந்து சொல்லச் சொல்ல நான் நேராகவே அடித்தேன். அருமையான ஆங்கிலம். பிள்ளை எந்த நாட்டில் பிறந்தாலும், எந்த மொழி பேசினாலும், தகப்பன் எந்த நிலையில் இருந்தாலும், படிப்புக்கு உள்ள உரிமை ஒன்றுதான் என்று தொடங்கினார். இரண்டாம் பந்தியில், வகுப்பில் இடமில்லை என்று தெரிவிக்கப்பட்டதாக அறிகிறேன் என்ற வசனத்தில் அவர் குரல் நின்றது. நானும் கையை எடுத்தேன். எங்கள் இருவருக்கும் ஒன்றுதான் ஞாபகம் வந்தது என்று நினைக்கிறேன். பல வருஷத்துக்கு முன் அவர் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் தலைமையாசிரியராக இருந்தபோது, முடி வெட்டும் தொழிலாளி ஒருவர் தன் மகனை ஆறாம் வகுப்பில் சேர்க்கக் கேட்டிருந்தார். பெடியன் புலமைப்பரிசில் எடுத்தவன். அவனுக்கு அனுப்பிய மறுமொழியை இதே மேசையில் இவர் சொல்ல நான்தான் அடித்தேன்.

அந்தப் பதிலில் தான் என்ன காரணம் எழுதினேன் என்று கேட்டார். வகுப்பில் இடமில்லை என்று எழுதினீங்கள் ஐயா என்றேன். அவர் குடையின் பிடியைத் தடவினார். நான் மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று எனக்குள் தோன்றியது. சொல்லாதது நல்லது என்றும் தோன்றியது. பிறகு, மிச்சக் கடிதத்தைச் சொல்லத் தொடங்குவதற்கு முன், என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "இடம் இருந்தது, பிள்ளை."

அடிக்காத கடிதம்

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்தப் பெரியவரே தன்னுடையதைச் சொன்ன பிறகு நான் மறைப்பது சரியில்லை. இது கந்தோரில் நடந்தது அல்ல, அதற்குப் பல வருஷம் முந்தி என் வீட்டில் நடந்தது. நான் வேலைக்குப் போய்வர, அம்மாவுக்கு முடியாமல் வந்தது. அப்போது மாமா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து லெச்சுமி என்ற ஒன்பது வயதுப் பிள்ளையை வீட்டு வேலைக்குக் கூட்டிவந்து விட்டார். எங்கள் ஊரில் பல வீடுகளில் அப்படிப் பிள்ளைகள் இருந்தார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இருப்பதாக ஒருவரும் நினைக்கவில்லை. நான் கந்தோரில் பழுதான தாள்களை அடுப்பு மூட்டக் கொண்டுவருவேன். லெச்சுமி அதில் பாதியைத்தான் எரித்தாள். மிச்சத்தை மடித்துத் தன் துணிப்பெட்டிக்குள் வைத்து, தமிழில் இருந்தவற்றை எழுத்துக் கூட்டிப் படித்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஒருநாள் என்னிடம், தெருமூலைப் பள்ளிக்கூடத்துக்குத் தானும் போகலாமா என்று கேட்டாள். நான் மறுக்கவில்லை. அங்கே விசாரித்தேன். பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அவளிடம் அது இல்லை. அவளுடைய தகப்பனுக்கு இந்த நாட்டுப் பிரசாவுரிமையும் இல்லை. தோட்டத் துரைக்கு ஒரு கடிதம் எழுதினால் பிறந்த பதிவை எடுக்கலாம் என்று முதலாளி சொன்னார். பத்து நிமிஷ வேலை. இந்தக் கிழமை அடிக்கிறேன் என்று லெச்சுமிக்குச் சொன்னேன். அடுத்த கிழமையும் சொன்னேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் இடம் கேட்டு அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், முற்றம் கூட்டியிருக்கும், தேத்தண்ணீர் ஆவி பறக்கும். அவள் பள்ளிக்கூடம் போனால் இதையெல்லாம் யார் செய்வது என்று நான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடிதத்தை அடிக்காமல் மட்டும் இருந்தேன்.

நான்கு வருஷம் போனது. ஒருநாள் அவளுடைய தகப்பன் வந்தார். இரண்டு நாடும் செய்த ஒப்பந்தப்படி தங்களை இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள், தலைமன்னாரிலிருந்து கப்பல், பிள்ளையைக் கூட்டிப்போக வந்தேன் என்றார். அவர் ஒரு நாளும் காணாத நாடு அது. அம்மா ஒரு புதுச் சட்டை கொடுத்தார். நான் ஒரு பேனை கொடுத்தேன். லெச்சுமி என்னைக் குறை சொல்லும் பிள்ளை இல்லை. நான் இன்னும் அதை நினைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, வாசற் படலையடியில் திரும்பி வந்து எனக்கு ஆறுதலாகச் சொன்னாள்: "அக்கா, நீங்க அடிக்கப் போறேன்னு சொன்ன கடிதாசி இனி வேணாம், எனக்கு வயசு தாண்டிருச்சு."

இத்தனை வருஷத்தில் என் கடிதங்களில் ஓர் எழுத்துப்பிழை இருந்ததாக எந்தக் கந்தோரும் ஒரு தரமாவது குறை சொன்னதில்லை என்பதை, வேறொன்றும் இல்லாதபடியால், என் பெருமையாக நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.